அப்பாயி முடிந்து வைத்த ரசீதுகள்



முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் தாத்தாவைப் பெற்றவர் பெயர் என்ன? அவர் எந்த ஊர்க்காரர்? யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் நீங்கள் பாக்கியசாலி. எங்கள் பட்டணத்துக் கோயில் மண்டபத்தில் முதன்முதலாக நாங்கள் பதினோரு பேர் கூடியபோது இதே கேள்வியை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். இரண்டே பேர் பதில் சொன்னார்கள். அந்த இருவரில் நான் இல்லை.

நான் பால்மரக் காட்டில் பிறந்தவள். 1956இல் லயத்தில் பிறந்து, பெரட்டுச் சத்தம் கேட்டு விழித்து, பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்கு மங்கு துடைத்துக் கொடுத்து வளர்ந்தவள். பிறகு ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பதிவேடுகளோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தேன். ஊரார் பிள்ளைகளின் பிறந்த தேதியெல்லாம் என் விரல் நுனியில் இருந்தது. என் சொந்தத் தாத்தா எந்த வருடம் கப்பலேறினார் என்பது மட்டும் தெரியாது. அந்த வெட்கம்தான் என்னை அந்த மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

எங்கள் குழுவுக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஆளுக்கொரு பலகாரம், ஒரு பானைத் தேநீர். வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு தாளைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் சந்தா. பழைய பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, சம்பளத் துண்டு, எதுவானாலும் சரி. அந்தத் தாளை நடுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும்.

இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. நம் பெயர், அதன்பின் தகப்பனார் பெயர், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு பத்திரமும் இரண்டு தலைமுறையைத்தான் முடிச்சுப் போடும். உங்கள் பத்திரத்தில் அப்பா பெயர், அப்பாவின் பத்திரத்தில் தாத்தா பெயர், தாத்தாவின் பத்திரத்தில் பாட்டன் பெயர் என்று படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் ஒரு தாள் தொலைந்தால் ஏணியில் ஒரு படி போய்விடும். அதற்குத்தான் சுற்றியுள்ள மற்றத் தாள்களைத் தேட வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் இயற்றப்பட்ட திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்த பிறகுதான் நம் கல்யாணங்களைப் பதிவது கட்டாயமாயிற்று. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியவர்கள் பலருக்கு அரசாங்கப் பத்திரமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோயில் வரவு செலவுக் கணக்கும், மொய் எழுதிய நோட்டும், கல்யாணப் படத்தின் பின்புறம் உள்ள ஸ்டூடியோ முத்திரையும்தான் சாட்சி. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாதாகோவில் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை. தாய் தகப்பன் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்கள் அல்லவா?

எழுத்துப் பிழையைக் கண்டு மனம் தளராதீர்கள். நம் பெயரைக் கேட்டு எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே அம்மாள் ஒரு தாளில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி, மூன்றாவதில் லச்சுமி. என் தாத்தாவின் இறப்புப் பதிவைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று அழுதேன். அடுத்த மாதம் குழுவில் சொன்னபோது, ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர், "பெயரை விடுங்கம்மா, தோட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் வச்சுக் கேளுங்க, பெயரை நாலு விதமா எழுதிக் கொடுங்க" என்றார். மூன்றாவது விதத்தில் தாத்தா கிடைத்தார்.

ஊர்ப் பெயரும் அப்படியே. போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தெலுக் அன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. தோட்டத்துக்கோ துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் வாயில் புழங்கிய பெயர் வேறொன்று. ஏழாங்கட்டைத் தோட்டம், ஆற்றங்கரைத் தோட்டம், புதுத்தோட்டம் என்றால் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. எங்கள் குழுவின் முதல் வேலையே இந்த இரட்டைப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டதுதான். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனையாக மாறியும், வீடமைப்புப் பகுதியாகியும் போன பிறகு, அந்தப் பெயர்கள் இப்போது முதியவர்கள் நாவில் மட்டுமே இருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பழைய தாளில் "திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா" என்று இருந்தால், அது 1995இல் தனி மாவட்டமாகிவிட்டது. "சேலம் ஜில்லா, நாமக்கல்" என்றால் 1997இலிருந்து நாமக்கல் மாவட்டம். பழைய தென்னாற்காடு ஜில்லாவைத் தேடுகிறவர்கள் 1993இல் பிரிந்த கடலூர், விழுப்புரம் பகுதிகளைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்தது. இது தெரியாமல் எங்களில் ஒருவர் ஒரு வருடம் தவறான மாவட்டத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

கப்பல் விவரம் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். 1879 முதல் 1916 வரை ஃபிஜித் தீவுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு இருந்தது. அதில் ஊர், தாலுகா, தகப்பன் பெயர் எல்லாம் உண்டு. நம் நாட்டில் 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பிறகு பெரும்பாலோர் கங்காணி மூலமாக வந்தவர்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் சேர்ப்பதை நிறுத்தும் வரை அது நடந்தது. அந்தக் காலத்தில் வந்த நம் முன்னோருக்கு ஃபிஜிக்காரர்களுடையது போன்ற சீட்டு ஒன்றுகூட எங்கள் குழுவில் யார் கைக்கும் வந்ததில்லை. ஆகவே கங்காணி யார், எந்த ஊர் என்று கேளுங்கள். அவர் தம் சொந்தச் சீமையிலிருந்துதான் பெரும்பாலும் ஆள் கூட்டி வந்தார். ஒரே லயத்தில் இருந்தவர்களின் ஊரைக் கேட்டால் உங்கள் ஊரின் திசை தெரியும். குலதெய்வத்தின் பெயரும் அப்படியே வழிகாட்டும். பிறந்த ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து இங்கே கோயில் எழுப்பிய குடும்பங்கள் உண்டு.

பொது ஆவணங்களுக்குக் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1957இல் தொடங்கப்பட்டது. தொழிலாளர் இலாகாவின் பழைய ஆண்டறிக்கைகளையும் தோட்டங்களைப் பற்றிய கோப்புகளையும் அங்கே பார்க்கலாம். தனி ஆளின் பெயர் அகப்படுவது அரிது. ஆனால் உங்கள் தாத்தா வாழ்ந்த தோட்டத்தின் ஆஸ்பத்திரி, கூலி, காய்ச்சல் ஆகியவை கிடைக்கும். பத்திரிகைகளை மறக்காதீர்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனும், 1935 முதல் சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ் முரசும் நம் வீட்டு நல்லது கெட்டதைச் சுமந்தவை. பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் வீட்டிலிருந்தபடியே புரட்டலாம். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் பொத்தானை அழுத்தட்டும், நீங்கள் தமிழை வாசியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆவணம் ஒன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "தெரியாதுடா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எங்கள் குழு ஓர் அட்டவணை செய்து வைத்திருக்கிறது. ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர். வாழைமரம் போட்ட நோட்டு 1942 முதல் 1945 வரை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தது 1942, 43. கம்யூனிஸ்ட் காலம் 1948 முதல் 1960 வரை. லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது 1950க்குப் பிறகு. மெர்டேக்கா 1957. மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர். "வேலி போடும் முன்னாடியா, பின்னாடியா? அப்போ யாரு உங்க இடுப்புல இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும். அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வருடம் இருக்கும்.

ஒன்றே ஒன்று நாங்கள் கேட்பதில்லை. சாதி. முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்கப்பட்டவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவரைத் திரும்ப அழைத்து வர எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து அது எங்கள் சட்டம்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவின் தகரப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கட்டைக் கண்டெடுத்தேன். சின்னச் சின்ன ரசீதுகள். "இது என்னப்பா?" என்றேன். அப்பா வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அப்பாயி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாயி 1971இல் போனார். அப்பா 1998இல் போனார். பெட்டி என் வீட்டுக்கு வந்தது. துணியை நான் அவிழ்க்கவில்லை.

குழுவுக்கு ஒரு தாள் கொண்டுபோக வேண்டுமே என்றுதான் அவிழ்த்தேன். ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ரசீதுகள், மொத்தம் 22. ஒவ்வொன்றின் பின்னாலும் தோட்டத்துக் கிராணியார் கையெழுத்தில் அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், கிராமம், தாலுகா, எல்லாம் தமிழில். வருடத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு முன்னால். ஐந்து வெள்ளி, சில வருடம் பத்து. அனுப்பியவர் என் தாத்தா. பெறுபவர் ஒரு பெண். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே எழுதவும் போவதில்லை. அவர் வழி வந்தவர்கள் எங்கேயாவது இருக்கலாம்.

இத்தனை நாள் தேடிய கிராமத்தின் பெயர் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சியில் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் மகிழவில்லை. "யாரு அந்தப் பொம்பளை? தாத்தா பெயரைக் கெடுக்கத்தான் இந்தக் குழுவுக்குப் போறியாக்கா?" என்றான். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

குழுவில் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கினோம். 1934 முதல் 1941 வரை ஏழு. பிறகு ஜப்பான்காரன் காலத்து இடைவெளி. 1947 முதல் 1951 வரை ஐந்து. 1952 முதல் 1963 வரை பத்து. "தாத்தா 63 வரைக்கும் அனுப்பியிருக்காரு" என்றார் ஒருவர். நான் பைக்குள்ளிருந்து இறப்புப் பதிவின் நகலை எடுத்தேன். அலைந்து வாங்கிய அதே நகல். தாத்தா இறந்தது 1951 ஆகஸ்ட்.

மண்டபத்தில் யாரும் பேசவில்லை. கடைசிப் பத்து ரசீதிலும் அனுப்பியவர் என்று தாத்தா பெயர்தான் இருக்கிறது. தாத்தா மண்ணுக்குள் இருக்கிறார். அப்படியானால் தபாலாபீசுக்குப் போனது யார்?

எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தவர் மிஞ்சியிருப்பது அத்தை ஒருவர்தான். அப்பாவின் தங்கை. எண்பத்தேழு வயது. ரசீதுகளைக் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாது. ஆனால் துணியைத் தடவிப் பார்த்துக் கண்டுகொண்டார்.

"ஊர்ல உங்க தாத்தாவுக்கு ஒரு சம்சாரம் இருந்தாங்க, ஆத்தா. மூணு வருஷத்துல திரும்பிடுறேன்னு சொல்லிட்டு வந்தவரு. இங்க எங்கம்மாவைக் கட்டிக்கிட்டாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் பணம் போகும். அப்பா செத்த பொறவும் அம்மா நிறுத்தல. மாசாமாசம் சில்லறை சேத்து வச்சு, கிராணியாரு கால்ல விழாத குறையா கேட்டு, அப்பா பேர்லயே அனுப்பச் சொல்லுவாங்க."

"ஏன் அத்தை தாத்தா பேர்ல?"

அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நான் அறுத்தது போதும், அவளாவது பூவும் பொட்டுமா இருக்கட்டும்னாங்க."

அப்போது அப்பாயிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வெள்ளைச் சேலையோடு மரம் வெட்டப் போய், ஆறு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவர். ஊருக்குப் போய் வந்த யாராவது அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் ரசீது வரையில் தாத்தா பன்னிரண்டு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தார்.

"63க்குப் பிறகு ஏன் ரசீது இல்லை?" என்று கேட்டேன். வருடம் சொன்னால் அத்தைக்குத் தெரியவில்லை. அட்டவணைப்படி கேட்டேன். "மலேசியா பொறந்த வருஷம் அத்தை. அப்போ உங்க இடுப்புல யாரு?" அத்தை முகம் மாறியது. "இடுப்புல இல்ல, வயித்துல. பெரியவன். அம்மாவுக்கு ஊர்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. கிராணியாரு படிச்சுச் சொன்னாரு. வேலைக்காட்டுலேர்ந்து நேரா கெணத்தடிக்குப் போயி தலைமுழுகினாங்க. யாரு செத்தாங்கன்னு நாங்க கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு அடுப்பு மூட்டல."

பெரியத்தானின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தோம். 1964 ஜனவரி. கடைசி ரசீது 1963 பொங்கலுக்கு. கணக்குச் சரியாக இருந்தது.

அன்றிரவு தம்பிக்குப் போன் செய்து இதை அப்படியே சொன்னேன். வெகுநேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "ஒரு ரசீதுக்கு நகல் எடுத்துக் குடுக்கா. 52ஆம் வருஷத்து ரசீது" என்றான். இப்போது அவன் வீட்டுச் சாமி அறையில் அப்பாயி படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

எங்கள் குழு அச்சடித்த வம்சாவளிப் படிவத்தில் தாத்தாவின் பக்கத்தில் மனைவி என்று ஒரு கட்டம்தான் இருந்தது. நான் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டேன். என் பேத்தி, "இவங்க யாரு பாட்டி?" என்றாள். "அவங்களும் நமக்கு அப்பாயிதான்" என்றேன். அடுத்த தை மாதம் நானும் தம்பியும் அந்தக் கிராமத்துக்குப் போவதாக இருக்கிறோம். பெரம்பலூரிலிருந்து பேருந்து போகிறதாம். யாரைப் பார்ப்போம், என்ன சொல்வோம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு தொடங்குவது கடினமல்ல. நாலு பேர் போதும். அனுபவத்தில் கண்ட சில யோசனைகளைச் சொல்கிறேன். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து, நகலை மட்டும் கொண்டுபோங்கள். பழைய தாளுக்குப் பசை நாடா ஒட்டவோ, சூடு வைத்துப் பிளாஸ்டிக் உறை போடவோ வேண்டாம், தாள் கெட்டுவிடும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல் மெல்லப் பென்சிலால் பெயர் எழுதுங்கள். தோட்டத்து இடுகாட்டுக்கு ஒருமுறை எல்லாருமாகப் போய்ப் புல் வெட்டிக் கல்லில் உள்ளதை எழுதி வாருங்கள். கல்லை அமிலம் போட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்தாலே எழுத்துத் தெரியும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றித் தெரிய வந்ததை அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லாதீர்கள்.

தேடும்போது மறைத்து வைத்த சங்கதிகளும் கிடைக்கும். கோபம் வரும், சண்டை வரும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், அடுத்த தாள் வரும் வரை பொறுத்திருங்கள். நான் பன்னிரண்டு ரசீதோடு நிறுத்தியிருந்தால் தாத்தாவைப் பற்றி ஒரு குறை மட்டுமே என் கையில் மிஞ்சியிருக்கும்.

அத்தைக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன், அட்டவணையை எடுத்துக்கொண்டு. உங்கள் வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.